உங்கள் கோப்பு எந்த அலுமாரியில் இருக்கிறது?

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதி, ‘லங்கா கவர்ன்மன்ட் கிளவுட்’ எனப்படும் இலங்கை அரசின் மேகக் கணினிக் கட்டமைப்பு, கப்பம் கோரும் ரான்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றில் அடக்கம். 12 மணித்தியாலங்களுக்குள் கட்டமைப்பை மீள இயக்கிவிட்டதாகச் சொன்ன தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம், இன்னொரு விடயத்தையும் ஒப்புக்கொண்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்காது. அந்தக் காலப்பகுதிக்குரிய பிரதி எதுவும் இல்லை.

அந்த நாட்களில் இது இணையப் பாதுகாப்புச் செய்தியாகவே பேசப்பட்டது. யார் தாக்கினார்கள், எவ்வளவு கேட்டார்கள் என்பதே பேச்சு. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு ஒரு கேள்வி. தாக்குதல் நடக்கலாம், தீ பிடிக்கலாம், தட்டு பழுதாகலாம். அதன் பிறகும் ஏன் இன்னொரு பிரதி இல்லாமல் போனது?

வடக்கு கிழக்கில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பிள்ளையைக் காணவில்லை என்று பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டின் துண்டு ஆகியவற்றை ஷொப்பிங் பையில் சுற்றி, இடப்பெயர்வு இடப்பெயர்வாகச் சுமந்து வந்தவர்கள் நாங்கள். 1981இல் யாழ். பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் அவற்றோடு போயின. இன்று அந்தப் பத்திரங்களின் தகவல்கள் ஒவ்வொன்றாகக் கணினிக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. பதிவாளர் திணைக்களப் பிரதிகளும் ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த சாட்சியங்களும் காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் கோப்புகளும் அந்த வழியிலேயே போகின்றன. ‘சிஸ்டத்தில ஏத்தியாச்சு அம்மா’ என்று அலுவலகத்தில் சொல்வதைக் கேட்டு நிம்மதியாக வீடு திரும்பும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ‘சிஸ்டம்’ எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அந்த நிம்மதி எவ்வளவு பெறுமதியானது என்று மதிப்பிட முடியும்.

ஒரு கச்சேரியை நினைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் காணிக் கிளைக்கு ஓர் அலுமாரி, ஓய்வூதியக் கிளைக்கு ஓர் அலுமாரி. அந்தந்தக் கிளையின் திறப்பு அந்தந்த எழுதுவினைஞரிடம் இருக்கும். கணினி உலகமும் முதலில் இப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு சேர்வருக்கும் அதன் பெட்டிக்குள்ளேயே தனித் தட்டுகள். ஒரு கிளையின் அலுமாரி நிரம்பி வழியும்போது பக்கத்து அலுமாரி பாதி வெறுமையாகக் கிடக்கும். கிளையின் சேர்வர் நின்றுபோனால் அதன் அலுமாரியும் பூட்டியபடியே.

அடுத்த கட்டம், அலுமாரிகள் எல்லாவற்றையும் ஒரே மண்டபத்துக்குக் கொண்டுபோய், எல்லாக் கிளைகளிலிருந்தும் அங்கே போக ஒரு தனி நடைபாதை போடுவது. இதுதான் சேமிப்பக வலையமைப்பு. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘சான்’ என்பார்கள். நாங்கள் இணையம் பார்க்கும் வலையமைப்பு வேறு, இது வேறு. பெரும்பாலும் பைபர் கேபிள்களாலும் அதற்கென்றே செய்த சுவிட்சுகளாலும் ஆனது. சேர்வருக்கு, தூரத்து மண்டபத்தில் இருக்கும் தட்டு தன் பெட்டிக்குள்ளேயே இருப்பது போலத் தோன்றும். கோப்பாகக் கேட்காது, ‘இத்தனையாவது துண்டைக் கொடு’ என்று துண்டு துண்டாகவே கேட்கும். அதனால் வேகம் அதிகம். வங்கிகள், வைத்தியசாலைகள், அரச திணைக்களங்கள் எல்லாம் இதை விரும்பியதற்கு அதுவே காரணம்.

மண்டபம் வந்தும் ஒரு தொல்லை மிஞ்சியது. அலுமாரிகள் வெவ்வேறு கம்பனிகளுடையவை. ஒன்றின் திறப்பு மற்றொன்றுக்குச் சேராது. பழைய அலுமாரியிலிருந்து புதியதற்குப் பத்திரங்களை மாற்ற வேண்டுமென்றால் அலுவலகத்தையே மூட வேண்டும். இதற்குக் கண்ட வழிதான் மெய்நிகர்ப்படுத்தல். மண்டப வாசலில் ஒரு மேசையைப் போட்டு ஒரு பதிவேட்டாளரை இருத்துகிறார்கள். இனி எந்தக் கிளையும் அலுமாரிப் பக்கம் போகத் தேவையில்லை. அவரிடம் பத்திரத்தைக் கொடுத்தால், அதைத் துண்டுகளாகப் பிரித்து, எந்த அலுமாரியில் இடம் இருக்கிறதோ அங்கே போட்டுவிட்டு, எந்தத் துண்டு எங்கே என்று தன் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். கேட்டால் சேர்த்து எடுத்துத் தருவார். ஐ.பி.எம். 2003இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘சான் வொலியூம் கொன்ட்ரோலர்’ இந்தப் பதிவேட்டாளர் வேலையைச் செய்யும் பெட்டிதான். வேறு கம்பனிகளின் தட்டுகளையும் ஒரே குளமாக்கி, அந்தக் குளத்திலிருந்து மெய்நிகர்த் தட்டுகளை வெட்டிக் கொடுக்கும்.

இதன் நன்மைகள் உண்மையானவை. பழைய தட்டைக் கழற்றிப் புதியதை மாட்டும்போது கருமபீடத்தில் நிற்கும் சனத்துக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் துண்டுகள் மெல்ல இடம் மாறிக்கொண்டிருக்கும். இருக்கும் தட்டுகளின் இடமும் வீணாகாது. சொல்லப்போனால், இல்லாத இடத்தைக்கூட இருப்பதாகக் காட்ட முடியும். பத்துக் கிளைகளுக்குத் தலா 100 பக்கம் தருவதாகச் சொல்லிவிட்டு, கையில் 600 பக்கம் மட்டும் வைத்திருப்பது வழக்கமான நடைமுறை. எல்லோரும் ஒரே நேரத்தில் நிரப்ப மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். ஆனால் குளம் நிரம்புவதை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்கத் தவறினால், ஒரு கிளையின் தவறால் பத்துக் கிளையும் ஒரே நாளில் எழுத முடியாமல் நின்றுவிடும்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு ஆபத்துகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, பதிவேடு. அலுமாரிகளில் இருப்பவை இப்போது முழுப் பத்திரங்கள் அல்ல. உங்கள் காணிக் கோப்பின் ஒரு கிழியல், இன்னொருவரின் ஓய்வூதியக் கடிதத்தின் கிழியலோடு கிடக்கிறது. பதிவேடு தொலைந்தால் தட்டுகள் எல்லாம் பழுதில்லாமல் இருந்தாலும் உள்ளே இருப்பது கிழித்த காகிதக் குவியல்தான். ஆகவே அந்தப் பெட்டியை எப்போதும் சோடியாகவே வைப்பார்கள், பதிவேட்டுக்கும் பிரதி எடுப்பார்கள். இரண்டாவது, ஒன்றோடொன்று பிணைந்திருப்பது. முன்பு ஓர் அலுமாரி எரிந்தால் ஒரு கிளை பாதிக்கப்படும். இப்போது ஓர் அலுமாரியின் ஒரு தட்டில் எல்லாக் கிளைகளின் துண்டுகளும் இருக்கின்றன.

ஒரு சில தட்டுகள் பழுதாவதைத் தாங்கவே ரெயிட் போன்ற முறைகள் இருக்கின்றன. ஒன்று போனாலும் மற்றவற்றில் இருப்பதைக் கணக்கிட்டு மீட்டுவிடலாம். ஆனால் தாங்கும் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. 2016 டிசெம்பர் 12ஆம் திகதி அவுஸ்திரேலிய வரித் திணைக்களத்தில் நடந்தது அதுதான். ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்னர் பொருத்தப்பட்ட பெரிய ‘சான்’ அமைப்பு ஒன்று நின்றுபோனது. திணைக்களம் பின்னர் வெளியிட்ட அறிக்கையின்படி, 800 தட்டுகளில் பழுதானவை 12 மட்டுமே. ஆனாலும் திணைக்களத்தின் பெரும்பாலான சேவைகள் முடங்கின. பைபர் கேபிள்கள் சரியாகப் பொருத்தப்படாமல் இழுபட்ட நிலையில் இருந்தன. தட்டுகளுக்குள் இருந்த மென்பொருளில் பிழை இருந்தது. அமைப்பை வடிவமைத்தபோது, தாக்குப்பிடிக்கும் தன்மையைவிட வேகத்துக்கே முன்னுரிமை கொடுத்திருந்தார்கள். முந்தைய மாதங்களில் எச்சரிக்கைகளும் பதிவாகியிருந்தன.

அந்த அறிக்கையில் என் மனதில் நின்ற விடயம் வேறு. அமைப்பு விழுந்தால் அதைத் தூக்கி நிறுத்துவதற்கான மீட்புக் கருவிகளும் அதே அமைப்புக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருந்தன. வீட்டுத் திறப்பின் இரண்டாவது பிரதியை அதே வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நிற்பது போல. பணமும் நிபுணர்களும் நிறைந்த ஒரு நாட்டில்தான் இது நடந்தது. வேறு இடத்தில் இருந்த பிரதிகளைக் கொண்டு படிப்படியாக மீட்டார்கள். வரி செலுத்துவோரின் தரவு இழக்கப்படவில்லை என்று திணைக்களம் அறிவித்தது. 2017 பெப்ரவரியில் மீண்டும் ஒருமுறை அது சறுக்கியது.

‘எங்களிடம் இரண்டு இடத்தில் இருக்கிறது’ என்று அதிகாரிகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது பொய் அல்ல. ஆனால் எந்த வகை இரண்டு என்று கேட்க வேண்டும். மெய்நிகர்ச் சேமிப்பகங்களில் வழமையான வசதி, ஒரு மண்டபத்தில் எழுதப்படுவதை அதே கணத்தில் இன்னொரு மண்டபத்திலும் எழுதுவது. பழைய அலுவலகங்களின் காபன் தாள் நினைவிருக்கிறதா? மேலே எழுதினால் கீழேயும் விழும். மேல் மண்டபம் இடிந்தால் கீழ்ப் பிரதி காப்பாற்றும். ஆனால் யாராவது மேலே ஒரு பெயரைக் குறுக்கே கீறினால், கீழேயும் அந்தக் கீறல் விழும். ஒரு தீநிரல் மேலே எல்லாவற்றையும் பூட்டெழுத்தாக மாற்றினால், கீழேயும் அதே கணத்தில் அதே பூட்டெழுத்து. காபன் பிரதி கட்டிடத்துக்கு வரும் ஆபத்துக்கே மருந்து. மனிதர் செய்யும் தவறுக்கும் வேண்டுமென்றே செய்யும் அழிப்புக்கும் அது மருந்தே அல்ல.

அவற்றுக்கு வேண்டியது காப்புப் பிரதி. நேற்று இரவு இருந்த நிலையைப் படம்பிடித்து, வேறு ஊரில், முதன்மைக் கட்டமைப்பிலிருந்து தொட முடியாதபடி பூட்டி வைப்பது. இடையில் ‘ஸ்னப்ஷொட்’ என்று ஒன்றையும் காட்டுவார்கள். அதுவும் நேற்றைய நிலைதான். ஆனால் பெரும்பாலும் அதே குளத்துக்குள், அதே பதிவேட்டின் இன்னொரு பக்கமாக இருக்கும். கைதவறி அழித்த ஒரு கோப்பை எடுக்க நல்லது. குளமே வற்றினால் அதுவும் வற்றும். துறையில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு எளிமையானது: மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகை ஊடகங்களில், அவற்றில் ஒன்றாவது வேறு இடத்தில். இன்றும் பெரிய நிறுவனங்கள் பல, பழைய கசெட் குடும்பத்தைச் சேர்ந்த காந்த நாடாக்களைக் கைவிடவில்லை. கழற்றி ராக்கையில் வைத்த நாடாவுக்குள் எந்த ஹக்கராலும் இணையம் வழியே நுழைய முடியாது.

இனி லங்கா கவர்ன்மன்ட் கிளவுட்டுக்குத் திரும்புவோம். அங்கே காப்பு ஏற்பாடே இல்லை என்று சொல்ல முடியாது. கட்டமைப்போடு இணைந்திருந்த காப்பும் தாக்குதலில் சிக்கியது. கழற்றி வைத்த பிரதி மூன்று மாதத்துக்கும் மேல் பழையது. மின்னஞ்சலுக்குப் பயன்பட்டது மைக்ரோசொப்டின் ‘எக்சேஞ்ச் 2013’. உற்பத்தியாளரின் ஆதரவே முடிந்துபோன பதிப்பு. 2021 முதல் அதைப் புதுப்பிக்கத் திட்டமிருந்தும் நிதிப் பற்றாக்குறையாலும் முந்தைய நிர்வாகத் தீர்மானங்களாலும் தாமதமானதாக முகவர் நிலையம் விளக்கியது. இனி நாளாந்தம் இணைப்பற்ற காப்புப் பிரதி எடுப்பதாகவும் அறிவித்தது. தொழில்நுட்பம் தெரியாததால் நடந்த தவறு இல்லை இது. பிரதி எடுப்பது யாருடைய அன்றாட வேலை, எடுத்தாயிற்றா என்று யார் பார்ப்பது என்ற நிர்வாகக் கேள்விக்கு விடை இல்லாததால் நடந்தது.

வசதி படைத்த அரசுகளும் இதில் தப்பவில்லை. 2025 செப்டெம்பர் 26ஆம் திகதி தென்கொரியாவின் டெஜொன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் மின்கலங்களிலிருந்து தீ பரவியது. ஜி டிரைவ் என்ற அரச ஊழியர்களின் பொதுச் சேமிப்பகத்தில் இருந்த 858 டெராபைட் தரவு அழிந்தது. கொள்ளளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளிப்பிரதி எடுக்கவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். வேலைக் கோப்புகளை மேசைக் கணினியில் வைக்காமல் ஜி டிரைவில் வையுங்கள் என்று ஊழியர்களிடம் அதற்கு முன்னர் அரசே சொல்லியிருந்தது.

அழியக்கூடாதது அழிவது ஒரு பயம். அதற்கு நேரெதிரான பயமும் எங்களுக்கு உண்டு. சாட்சியம் கொடுத்தவரின் பெயரும் விலாசமும் பார்க்கக்கூடாதவர் கையில் சேருமோ என்ற பயம். மெய்நிகர்ச் சேமிப்பகத்தில் எந்தச் சேர்வர் எந்த மெய்நிகர்த் தட்டைப் பார்க்கலாம் என்று கட்டுப்பாடு போடலாம். கிளைகளுக்கு இடையே அது நல்ல சுவர். ஆனால் பதிவேட்டாளரின் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு அந்தச் சுவர் இல்லை. ஒரு தட்டை யாருக்கும் காட்டலாம், சத்தமில்லாமல் முழுப் பிரதியும் எடுக்கலாம். இன்னொன்றும் உண்டு. பல அமைப்புகளில் ஒரு மெய்நிகர்த் தட்டை ‘அழித்துவிட்டோம்’ என்றால், பதிவேட்டில் அந்த வரியை வெட்டியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். துண்டுகள், மேலே வேறு ஏதாவது எழுதப்படும் வரை, அலுமாரிகளிலேயே கிடக்கும். எழுதும்போதே மறைகுறியாக்கம் செய்து, அதன் திறப்பை வேறொருவர் கையில் வைத்திருந்தால் மட்டுமே இந்தப் பயத்தைக் குறைக்கலாம். உள்நாட்டு அலுவலகங்களில் சாட்சியம் கொடுக்கக் குடும்பங்கள் தயங்குவதையும், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 2021ஆம் ஆண்டு 46/1 தீர்மானத்தின் கீழ் சான்றுகளைச் சேகரித்துப் பாதுகாக்கும் வேலை வெளிநாட்டில் நடப்பதையும் இந்த இடத்தில் வைத்து யோசித்தால், அந்தத் தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

வீட்டில் இருக்கும் பத்திரங்களுக்கும் இதே கணக்குத்தான். போனில் படம் பிடித்து கூகுள் போட்டோஸில் ஏற்றிவிட்டோம் என்று பலர் சொல்கிறார்கள். அது காபன் தாள். பிள்ளை விளையாடிப் போனில் படத்தை அழித்தால் மேகத்திலும் அழியும். ஏற்றிய படம் குப்பைத்தொட்டியில் 60 நாட்கள் இருக்கும், அதற்குப் பிறகு இல்லை. காணி உறுதியையும் முறைப்பாட்டுத் துண்டையும் நன்றாக ஸ்கேன் செய்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றை வேறு ஊரில் அல்லது வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடமும் தனி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். பென் டிரைவை நம்பி வருடக்கணக்கில் போட்டு வைக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள். மூலப் பத்திரத்தை, ஸ்கேன் செய்தாயிற்று என்பதற்காக யாரிடமும் ஒப்படைத்துவிடாதீர்கள்.

அலுவலகங்களிடம் கேட்பதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆணைக்குழுவுக்கோ பிரதேச செயலகத்துக்கோ நீங்கள் கொடுத்த கோப்பைக் குறிப்பிட்டே கேட்கலாம். இந்தக் கோப்பின் மின்பிரதி இருக்கிறதா, முதன்மைக் கட்டமைப்போடு இணைக்கப்படாத காப்புப் பிரதி கடைசியாக எந்தத் திகதியில் எடுக்கப்பட்டது, அதிலிருந்து மீட்டுப் பார்க்கும் பரிசோதனை எப்போது நடந்தது என்ற மூன்று கேள்விகள் போதும். சேர்வர் எங்கே, கடவுச்சொல் என்ன என்ற பக்கம் போனால் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுப்பதற்கு நீங்களே வழிவிட்டதாகிவிடும். தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும்.

அதே சட்டத்தின் 7ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஏற்கெனவே இருந்த பதிவேடுகளை அன்றிலிருந்து குறைந்தது 10 ஆண்டுகளுக்கும், அதன் பின்னர் உருவானவற்றை உருவான நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்கும் பாதுகாக்க வேண்டும் என்கிறது அது. தகவல் கோரும் உரிமை 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அந்தக் கணக்கின்படி போர்க்காலக் கோப்புகளுக்கான பத்து ஆண்டு 2027 பெப்ரவரியில் முடிகிறது. ஆனால் ஒரு பதிவேடு குறித்து விண்ணப்பமோ மேன்முறையீடோ நிலுவையில் இருக்கும்போது அந்தப் பதிவேட்டை அழிக்கக்கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. விண்ணப்பத்தைத் தகவல் உத்தியோகத்தரிடம் கொடுத்ததும் திகதியுடன் எழுத்துமூல ஏற்புச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.